பைத்தியத்துக்கு ஒரு கிருமி

1900ஆம் ஆண்டுவாக்கில் ஐரோப்பாவின் பெருநகரங்களில் இருந்த எந்தப் பெரிய மனநோய்க் காப்பகத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் ஆண்கள் பிரிவில் ஒரே சாயல் கொண்ட நோயாளிகள் பலர் இருந்தார்கள். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயது. வியாபாரி, படை அதிகாரி, நடிகர், அலுவலக எழுத்தர் என்று வெளியில் ஓரளவு நன்றாகவே வாழ்ந்தவர்கள். வீட்டார் சொல்லும் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கனமாக இருந்த மனிதர் திடீரென்று கடன் வாங்கிக் கண்டதையெல்லாம் வாங்கிக் குவித்தார். தனக்குக் கோடிக்கணக்கில் சொத்து இருப்பதாகச் சொன்னார். பிறகு தானே சக்கரவர்த்தி என்றார். மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னால் நாக்கு நடுங்கும். நீளமான ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னால் நடுவில் ஓரிரு அசைகள் காணாமல் போகும். விளக்கொளியைக் காட்டினால் கண்பாப்பா சுருங்காது. ஆனால் அருகில் ஒரு விரலைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னால் அதே பாப்பா சுருங்கும். எடின்பரோவின் கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் 1869இல் விவரித்த இந்த அறிகுறி, அனுபவமுள்ள மருத்துவருக்கு வாசற்படியிலேயே முடிவைச் சொல்லிவிடும். நடை தள்ளாடும், நினைவு கலையும், கை கால் விளங்காமல் போகும். பெரும்பாலோர் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள்.

ஜெனரல் பேரசிஸ் என்று மருத்துவர்கள் அழைத்த நோய் இது. இன்றைய மனநல மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் இதைப் பார்க்காமலேயே ஓய்வுபெறலாம். அன்றோ காப்பகங்களில் சேர்க்கப்பட்ட ஆண்களில் பத்தில் ஒருவருக்குக் குறையாமல், சில நகரங்களில் ஐந்தில் ஒருவர்வரை, இந்நோய் கண்டவர்களாக இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் மனநோய் ஆராய்ச்சி எந்தத் திசையில் ஓடியது, ஏன் அங்கே ஓடியது, எங்கே போய் முட்டிக்கொண்டது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு நோயின் கதையே போதுமான வழிகாட்டி என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் இரத்தப் பரிசோதனை செய்தவன் என்பதால் இக்கதையின் ஒரு நுனி என் கையிலும் பட்டிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேரசிஸால் இறந்தவர்களின் மூளை உறைகள் அழற்சியுற்றிருப்பதைப் பாரிஸில் அந்த்வான் பேய்ல் என்ற இளைஞர் 1822லேயே தம் ஆய்வேட்டில் எழுதிவிட்டார். பித்துக்கு உடலில் தடயம் உண்டு என்று காட்டிய முதல் எழுத்துகளில் அது ஒன்று. ஆனால் அந்தத் தடயத்தின் காரணம் என்ன என்பதில் எழுபது எண்பது ஆண்டுகள் சண்டை ஓய்ந்தபாடில்லை. குடி, அதிக உழைப்பு, கவலை, பரம்பரை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நோயாளிகளில் பலருக்கு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மேகப்புண் வந்திருந்தது என்பதைக் கவனித்தவர்கள், பாலுறவால் தொற்றும் மேகநோயான சிபிலிஸ்தான் காரணம் என்றார்கள். எல்லோருக்கும் அப்படி வரலாறு இல்லையே என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். எந்தக் கனவான் மருத்துவரிடம் அதை ஒத்துக்கொள்வான்?

இந்த வாதத்தைத் தீர்க்கச் செய்யப்பட்ட ஒரு சோதனையைக் குறிப்பிடாமல் தாண்டிப்போக முடியாது. சிபிலிஸ் வந்ததாக எந்த வரலாறும் இல்லாத பேரசிஸ் நோயாளிகள் சிலரின் உடலில் சிபிலிஸ் புண்ணிலிருந்து எடுத்த பொருள் செலுத்தப்பட்டது. அவர்களில் ஒருவருக்கும் புதிய புண் தோன்றவில்லை. ஏற்கெனவே சிபிலிஸ் கண்டவர்களுக்கு மறுபடி அது தொற்றாது என்று அன்று நம்பினார்கள். ஆகவே இவர்களுக்கு முன்பே நோய் இருந்திருக்க வேண்டும் என்பது முடிவு. வியன்னாவின் புகழ்பெற்ற பேராசிரியர் கிராஃப்ட்-எபிங் 1897இல் மாஸ்கோவில் கூடிய மருத்துவ மாநாட்டில் இதை அறிவித்தபோது அரங்கு வியந்தது. தர்க்கம் கச்சிதமானதுதான். அந்த நோயாளிகளிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வி அரங்கில் எழவில்லை. அடுத்து வரப்போகும் எல்லா ஆய்வுகளிலும் இந்த மௌனம் கூடவே வரும்.

அக்காலத்து மனநோய் ஆராய்ச்சியின் தலைநகரம் மியூனிக். 1903இல் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் அங்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவருடைய புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. முன்பு ஹைடல்பர்கில் இருந்தபோதே அவர் கையாண்ட முறை: ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் அறிகுறிகள், போக்கு, முடிவு. அறிகுறியை மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கணக்கில் நோய் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்து அட்டைகளை அடுக்கி அடுக்கிப் பிரித்ததில்தான், பின்னால் சிசோஃப்ரீனியா என்று பெயர்பெற்ற நோயும் மேனியா (அளவுமீறிய கிளர்ச்சி)-மனச்சோர்வு நோயும் தனித்தனியாக நின்றன. அவருடைய உடற்கூற்று ஆய்வுக்கூடத்தின் தலைவர் அலாய்ஸ் அல்ஸைமர். இன்று அவர் பெயர் மறதி நோயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் தம் காலத்தில் அவர் பேராசிரியர் தகுதிக்காக 1904இல் எழுதிய பெரிய ஆய்வு பேரசிஸ் நோயாளிகளின் மூளைத் திசுக்களைப் பற்றியது. நோயாளி உயிரோடு இருந்தபோது பேசியதையும் நடந்துகொண்டதையும், இறந்தபின் நுண்ணோக்கியில் தெரிவதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே மியூனிக்கின் வேலை. உலகெங்கிலுமிருந்து இளம் மருத்துவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களில் அமெரிக்கர் ஒருவரைப் பின்னால் சந்திப்போம்.

1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் சிபிலிஸின் கிருமியைக் கண்டார்கள். சுருள்போல் முறுக்கிய, சாயம் எளிதில் ஏறாத, மிக மெல்லிய உயிர். அடுத்த ஆண்டே வாஸர்மனும் அவருடைய குழுவினரும் இரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். வாஸர்மன் பிளாட் என்ற மருத்துவருடன் சேர்ந்து பேரசிஸ் நோயாளிகளின் தண்டுவட நீரிலும் அதே பரிசோதனையைச் செய்ய, ஒத்துக்கொள்ளாத கனவான்களின் கதையும் வெளியே வந்தது.

நான் சொன்ன நுனி இதுதான். ஆய்வுக்கூடத்தில் நான் செய்துகொண்டிருந்த விடிஆர்எல் என்ற சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை வாஸர்மன் பரிசோதனையின் வழித்தோன்றல். இரத்தத்திலிருந்து பிரித்த நீர்மமான சீரத்தை 56 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுப்போம். வளையங்கள் பதித்த கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ஆன்டிஜென் என்ற சோதனைக் கரைசல். சுழலியில் நான்கு நிமிடம் சுற்றவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நோய் இருப்பவர் சீரத்தில் பால் திரிந்ததுபோல் சிறு திரள்கள் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், வாஸர்மன் குழுவினர் சிபிலிஸால் இறந்த சிசுவின் கல்லீரலை அரைத்து, அதிலுள்ள கிருமிதான் வினைபுரிகிறது என்று நினைத்தார்கள். சீக்கிரத்திலேயே நோயில்லாத மாட்டின் இதயத்தை அரைத்தாலும் பரிசோதனை வேலை செய்வது தெரிந்தது. வினைபுரிந்தது கிருமியன்று, திசுக்களில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்புப் பொருள். அதைத் தனியே பிரித்தெடுக்க 1941 ஆயிற்று. தவறான காரணத்தை நம்பி ஒருவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம். ஆனால் அவர் சேர்ந்துவிட்டார் என்பதை வைத்து அந்தக் காரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: மூளைக்குள் கிருமியை நேரில் காட்டுவது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஹிடெயோ நோகுச்சி அதைச் செய்தார். ஃபுகுஷிமாவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக இருந்தபோது அடுப்பில் விழுந்து இடக்கை கருகிப்போனவர். சென்ட்ரல் ஐஸ்லிப் அரசு மருத்துவமனையின் ஜே. டபிள்யூ. மூருடன் சேர்ந்து, பேரசிஸால் இறந்த 70 பேரின் மூளைகளை வெள்ளி உப்பில் ஊறவைத்துச் சீவிப் பார்த்தார். வெள்ளி ஏறினால் பின்னணி மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், கிருமி கறுப்பாகத் தெரியும் என்று சொல்வது எளிது. வெள்ளி நரம்பிழைகளிலும் ஏறும். மூளை என்பது நரம்பிழைகளின் காடு. நெளிந்து கிடக்கும் ஓர் இழைத் துண்டுக்கும் முறுக்கிய ஒரு கிருமிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணால்தான் பிரிக்க முடியும்; அப்படிப்பட்ட தகடுகளோடு ஒரு நாள் உட்கார்ந்தவர்களுக்கு இரவில் கண்ணை மூடினாலும் இழைகளே தெரியும். 70 மூளைகளில் 12இல் அவர் கிருமியைக் கண்டார். 1913இல் கட்டுரை வெளியானது.

பித்துப் பிடித்த ஒரு மனிதனின் மூளையில், அந்தப் பித்துக்குக் காரணமான உயிரையே சுட்டிக்காட்ட முடிந்தது இதுவே முதல்முறை. அது மனநல மருத்துவர்களிடம் ஏற்படுத்திய கிளர்ச்சியை மிகைப்படுத்திச் சொல்வது கடினம். மற்றத் துறைகள் கோக், பாஸ்டர் காலத்திலிருந்து வெற்றிமேல் வெற்றி ஈட்டிக்கொண்டிருந்தபோது, காப்பக மருத்துவர்கள் சாவி வைத்திருக்கும் காவலர்களாக மட்டுமே இருந்தார்கள். இப்போது அவர்களுக்கும் ஒரு கிருமி கிடைத்தது. ஆனால் அவர்களில் பலர் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன? அறிகுறிக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து, போக்கைப் பதிந்து, திசுவோடு பொருத்தி, மறுப்பவர்களின் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பதில் தேடிய தொண்ணூறு ஆண்டு வேலையை அவர்கள் பார்க்கவில்லை. அதன் கடைசி வரியில் இருந்த விடையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: கிருமி. இந்த ஒன்றுக்குக் கிருமி இருக்கிறதென்றால் மற்றப் பித்துகளுக்கும் ஏன் இருக்கக் கூடாது?

நோகுச்சியே இதற்கு விலக்கல்ல. பிந்தைய ஆண்டுகளில் மஞ்சள் காய்ச்சல் உட்படப் பல நோய்களுக்குக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்; ஒன்றன்பின் ஒன்றாக அவை பொய்த்தன. மஞ்சள் காய்ச்சலை ஆராயப்போய், 1928இல் ஆப்பிரிக்காவின் அக்ராவில் அதே நோயால் இறந்தார்.

பேரசிஸ் நோயாளிகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. சிபிலிஸுக்கென 1910இல் சந்தைக்கு வந்த சால்வர்சான் மருந்து மூளைவரை எட்டிய நோயை அதிகம் அசைக்கவில்லை. வியன்னாவில் மனநல மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக், கடுங்காய்ச்சல் வந்து போனபின் சில மனநோயாளிகள் தெளிவடைவதை 1887லேயே எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் அந்த யோசனையைச் சுமந்திருந்து, 1917 ஜூன் மாதத்தில், போர்முனையிலிருந்து மலேரியாவோடு திரும்பிய படைவீரர் ஒருவரின் இரத்தத்தைப் பேரசிஸ் நோயாளிகளுக்குச் செலுத்தினார். ஏழெட்டு முறை குளிர்காய்ச்சல் வந்து போனபிறகு குவினைன் கொடுத்து மலேரியாவை அடக்குவது முறை. சிலர் தெளிந்து வேலைக்கே திரும்பினார்கள். சிலர் மலேரியாவிலேயே போய்விட்டார்கள். 1927இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தில் எப்சம் நகரின் ஹார்ட்டன் மருத்துவமனையில், இதற்கென்றே மலேரியா கொசுக்களை வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கியது. நோயாளிகளை இரு கூறாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் முறையான ஆய்வு இந்தச் சிகிச்சைக்கு நடக்கவேயில்லை. 1940களில் பென்சிலின் வந்து அந்தக் கேள்வியையே தேவையற்றதாக்கிவிட்டது. இச்சிகிச்சை பலித்ததா என்று கேட்டால், சாவு நிச்சயம் என்றிருந்த ஒரு நோயில் ஓரளவு பலித்தது என்றே சொல்வேன். அந்த "நிச்சயம்" இல்லாத நோய்களுக்கு இதே துணிச்சலைக் கொண்டுபோனபோதுதான் விபரீதம் நேர்ந்தது.

அதற்கு முன்னால் அமெரிக்கத் தென் மாநிலங்களுக்குப் போக வேண்டும். ஏனென்றால் அதே ஆண்டுகளில், அதே வகைக் காப்பகங்களில், அதே கிருமி மோகத்துக்கு நடுவில், ஒரு மனிதர் வேறு விதமாகப் பார்த்தார்.

பெல்லாக்ரா என்ற நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொள்ளைநோய்போல் பரவியது. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் வெந்து கறுக்கும். புறங்கைகளில் கையுறை மாட்டியதுபோலவும் கழுத்தில் மாலை போட்டதுபோலவும் ஒரு வரம்போடு நிற்கும். பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு மனக்கலக்கம், பிரமை, மறதி. கடைசியில் சாவு. புத்தி பேதலித்தவர்கள் காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். காப்பகத்துக்கு வேறு காரணத்துக்காக வந்தவர்களும் உள்ளே வந்தபிறகு இந்நோய்க்கு ஆளானார்கள். தென் கரோலினாவில் ஆய்வு செய்த ஒரு குழு இது தொற்றுநோயே என்று முடிவுகட்டியது. 1914இல் மத்திய சுகாதாரத் துறை ஜோசஃப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. ஹங்கேரியிலிருந்து சிறுவயதில் குடியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், மஞ்சள் காய்ச்சல், டைஃபஸ் எனத் தொற்றுநோய்களிலேயே ஊறியவர். அவற்றில் சில அவரையும் பிடித்துவிட்டுப் போயிருந்தன. கிருமியை நம்புவதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அவர் காப்பகங்களுக்குள் நடந்து பார்த்தார். நோயாளிகளுக்குப் பெல்லாக்ரா வருகிறது. அதே கூரையின் கீழ் அவர்களைத் தொட்டுக் குளிப்பாட்டி உணவூட்டும் செவிலியருக்கும் ஊழியருக்கும் வருவதேயில்லை. எந்தத் தொற்றுநோய் இப்படிப் பதவி பார்த்து வரும்? இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நுண்ணோக்கி தேவைப்படவில்லை. ஊழியர்களும் அதே சமையலறையில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் நல்லதை முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், வெளியிலும் வாங்கிச் சாப்பிட முடிந்தது. நோயாளிகளுக்கு மிஞ்சியது மக்காச்சோள மாவு, கரும்புப்பாகு, பன்றிக் கொழுப்பு. தென்மாநில ஏழைகள் வீட்டில் சாப்பிட்டதும் அதுவே.

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் இரண்டு அனாதை இல்லங்களிலும், ஜார்ஜியா மாநிலம் மில்லெட்ஜ்வில்லில் இருந்த அரசு மனநோய்க் காப்பகத்தின் இரு வார்டுகளிலும் அவர் செய்தது மிக எளிமையான காரியம். பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றை உணவில் சேர்த்தார். வேறு எதையும் மாற்றவில்லை. காப்பகத்தின் மற்ற வார்டுகள் பழையபடியே இருந்தன. உணவு மாறிய இடத்தில் பெல்லாக்ரா மறைந்தது. பணம் நின்று பழைய உணவு திரும்பியபோது நோயும் திரும்பியது. அடுத்து அவர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். மிசிசிப்பி ஆளுநரிடம் பேசி, ராங்கின் சிறைப் பண்ணையில் விடுதலை வாக்குறுதியின் பேரில் 12 கைதிகளைத் தேர்ந்து, மக்காச்சோள மாவும் பாகும் சார்ந்த உணவிலேயே 1915இல் சில மாதங்கள் வைத்தார். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்குப் பெல்லாக்ரா வந்தது. விடுதலை வேண்டும் என்று ஏங்குபவனிடம் பெறும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் கேட்கவாவது செய்தார்கள்.

அப்போதும் எதிர்ப்பாளர்கள் அடங்கவில்லை. தென்மாநிலத்தில் பட்டினி இருக்கிறது என்று வடக்கிலிருந்து வந்த ஒருவர் சொல்வது பலருக்கு மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. 1916இல் கோல்ட்பெர்கரும் அவருடைய உதவியாளர்களும் பெல்லாக்ரா நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடலில் ஏற்றிக்கொண்டார்கள். தோல் செதில்களையும் சிறுநீரையும் மலத்தையும் கோதுமை மாவில் உருட்டி மாத்திரையாக விழுங்கினார்கள். அவர் மனைவி மேரியும் இரத்த ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை. உணவில் குறையும் அந்தப் பொருள் நிக்கோடினிக் அமிலம் (நயாசின் என்னும் வைட்டமின்) என்று உயிர்வேதியியலாளர் எல்வேஜெம் 1937இல் காட்டுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே கோல்ட்பெர்கர் இறந்துவிட்டார். (தக்காணத்தில் வெறும் சோளச் சோற்றை நம்பி வாழ்ந்தவர்களிடம் இதே நோயை, சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் பின்னாளில் ஹைதராபாத்தில் ஆராய்ந்தார். அது தனிக் கதை.)

இப்போது மியூனிக்குக்கு வந்துபோன அந்த அமெரிக்கரிடம் வரலாம். ஹென்றி காட்டன், கிரேப்லினிடமும் அல்ஸைமரிடமும் பயின்றவர். அமெரிக்க மனநல மருத்துவத்தின் பெருந்தலையான அடால்ஃப் மேயரின் சீடர். 1907இல், முப்பது வயதையொட்டிய பருவத்தில், நியூ ஜெர்சி மாநிலம் ட்ரென்டன் அரசு மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வந்தவுடன் அவர் செய்தது நோயாளிகளைக் கட்டிவைக்கும் தளைகளை அகற்றியது. அவரை வெறும் கொடியவராக எழுதிவிட்டுப் போக முடியாதபடி செய்வது இதுதான். காப்பகத்தை உண்மையான மருத்துவமனையாக்க வேண்டும் என்ற துடிப்பு அவரிடம் இருந்தது.

பல்லிலும் டான்சிலிலும் ஒளிந்திருக்கும் சீழ், உடலின் தொலைவான பாகங்களில் மூட்டுவலி முதல் இதய நோய்வரை உண்டாக்கும் என்ற கருத்து அப்போது பொது மருத்துவத்திலேயே செல்வாக்கோடு இருந்தது. சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்ற மதிப்புமிக்க பேராசிரியர்கள் அதைப் பரப்பினார்கள். காட்டன் அதை மூளைக்கு நீட்டினார். பேரசிஸில் கிருமி நேரே மூளைக்குப் போகிறது. மற்றப் பித்துகளில் கிருமி எங்கோ இருந்துகொண்டு அதன் நஞ்சு இரத்தத்தின் வழியே மூளைக்குப் போகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. 1916, 1917 வாக்கில் நோயாளிகளின் பற்களை எக்ஸ்ரே எடுத்துப் பிடுங்கத் தொடங்கினார். குணமாகாதவர்களுக்கு டான்சிலை எடுத்தார். அதிலும் குணமாகாதவர்கள், பல்லிலிருந்த கிருமியை முன்பே விழுங்கியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே வயிறு, பிறகு பெருங்குடல், பெண்களுக்குக் கருப்பை வாய். சிகிச்சை தோற்றால் கொள்கை தவறு என்று ஆகாமல், இன்னும் ஆழமாகத் தேட வேண்டும் என்று ஆகிவிடும் ஓர் அமைப்பு இது. எந்த முடிவு வந்தாலும் கொள்கைக்குக் கீறல் விழாது. நோயாளி பல்லைக் காட்ட மறுத்தால், அவருடைய விருப்பத்துக்கு எதிராகவும் விடாமல் செய்துமுடிக்க வேண்டும் என்பதைக் காட்டன் மறைக்கவேயில்லை, எழுதியே வைத்தார்.

85 விழுக்காடு நோயாளிகள் குணமானதாக அவர் அறிவித்தார். 1921இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாக வந்தன. முன்னுரை எழுதியவர் மேயர். பெருங்குடல் அறுவையில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் இறந்ததைக் காட்டனே ஒத்துக்கொண்டிருந்தார். பின்னால் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் அதிகமாகவே வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பேரசிஸ் நோயாளிகளைப்போல் சாவின் விளிம்பில் இருந்தவர்கள் அல்லர். மேனியாவும் மனச்சோர்வும் சில மாதங்களில் தாமாகவே தணியக்கூடியவை. கிரேப்லினின் அட்டைகள் காட்டியதும் அதைத்தான். தானே தணிந்த நோயை, இடையில் பல்லைப் பிடுங்கியவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். மியூனிக்கில் பயின்ற ஒருவர் இதை மறந்தார் என்பதுதான் எனக்கு விளங்காத இடம்.

இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போகவில்லை. நியூயார்க் மாநில ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியலாளர் கோபெலாஃபும் மனநல மருத்துவர் செய்னியும், வயது, நோய்வகை, நோயின் காலம் ஆகியவற்றில் ஒத்த நோயாளிகளை இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குக் கெட்ட பல், டான்சில் முதலியவற்றை அகற்றினார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். குணமடைந்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. மனநல மருத்துவத்தில் இப்படி ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த முதல் ஆய்வுகளில் இதற்கு இடம் உண்டு. 1922இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் அது வெளியானது. அதே இதழில், அதற்கு அடுத்த பக்கத்திலிருந்தே தொடங்குகிறது காட்டனின் கட்டுரை. முன்னது 18 பக்கம். காட்டனுடையது 50 பக்கத்துக்கு மேல். இதழை வாங்கிய ஒவ்வொரு மருத்துவரின் மேசையிலும் இரண்டும் ஒரே தையலில் கட்டுண்டு கிடந்தன. ட்ரென்டனில் அறுவைகள் நிற்கவில்லை.

1924இல் மருத்துவமனை நிர்வாகக் குழுவின் வேண்டுகோளின் பேரில், மேயர் தம் உதவியாளர் ஃபில்லிஸ் கிரீனேக்கரை ட்ரென்டனுக்கு அனுப்பினார். வார்டுக்குள் நுழைந்த அந்த இளம் மருத்துவரை முதலில் தாக்கியது நோயாளிகளின் முகங்கள்: பல்லில்லாத வாய்கள், ஒட்டிய கன்னங்கள். பலருக்குப் பல்செட்டு இல்லை. இருந்தவர்களுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. பேசுவது குழறியது, உணவை மெல்ல முடியவில்லை, உடல் நலிந்திருந்தது. பிறகு அவர் பதிவேடுகளைத் திறந்தார். அவை குழம்பிக் கிடந்தன. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றரை ஆண்டுக்காலம் நோயாளி நோயாளியாகத் தேடி, வீடுவரை போய் விசாரித்து அவர் தயாரித்த அறிக்கை, அதிகச் சிகிச்சை பெற்றவர்களே மோசமான நிலையில் இருந்ததைக் காட்டியது. இதற்கிடையில் 1925இல் மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்றும் விசாரணை நடத்தியது. முன்னாள் நோயாளிகளும் செவிலியரும் வந்து சாட்சி சொன்னார்கள். காட்டன் மனமுறிந்து விழுந்தார். தம் கெட்ட பற்களைப் பிடுங்கிக்கொண்டு, அதனாலேயே தேறிவிட்டதாக அறிவித்து வேலைக்குத் திரும்பினார். மனைவி, மகன்களின் பற்களையும் எடுக்கச் செய்தவர் அவர்; ஆகவே ஏமாற்றுக்காரர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. நம்பினார்.

கிரீனேக்கரின் அறிக்கையை மேயர் வெளியிடவில்லை. காட்டனிடம் தனியே பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை, அத்தோடு விட்டுவிட்டார். அறிக்கை கோப்பிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. காட்டன் 1927இல் பிரிட்டனுக்குப் போனபோது மருத்துவப் பெருமக்கள் அவரைப் பாராட்டி வரவேற்றார்கள். பர்மிங்ஹாமின் காப்பகங்களில் டி. சி. க்ரேவ்ஸ் அதே வழியில் பல்லையும் டான்சிலையும் முகக் குழிகளையும் (சைனஸ்) துருவும் வேலையைத் தொடர்ந்தார். கோல்ட்பெர்கர் தம் கருத்து தவறாக இருந்தால் அதை முதலில் காட்டிக்கொடுக்கப்போகும் சோதனைகளைத் தாமே தேடிப்போனார். காட்டனுக்கு அதை மற்றவர்கள் செய்து கையில் கொடுத்தும் அவர் படிக்கவில்லை. ஆனால் படித்துப் புரிந்துகொண்டு வாய்மூடி இருந்தவர் மேயர். என் வருத்தமெல்லாம் அவர்மேல்தான் அதிகம். அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும், ட்ரென்டனில் அதற்குப் பிறகும் மேசையில் கிடத்தப்பட்டவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

காட்டன் 1933 மே மாதம் மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டு அதே அமெரிக்க மனநல மருத்துவ இதழில் மேயர் எழுதிய இரங்கல் குறிப்பு வெளியானது. காட்டனின் முன்னோடித் துணிவை அது புகழ்ந்தது. தம் உதவியாளர் ஒன்றரை ஆண்டு உழைத்து எண்ணிக் கொடுத்ததில் ஓர் எண்கூட அதில் இடம்பெறவில்லை.